மின்னஞ்சல் பட்டியல் வளர வேண்டுமானால் பதிவுப் படிவத்தை எப்படி அமைப்பது?

மயிலாப்பூரில் கைத்தறிச் சேலைக் கடை நடத்தும் ஒருவருக்காகச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தேன். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவே, ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பதிவுப் படிவத்தை எடுத்து முகப்புப் பக்கத்தின் அடியில் பொருத்தினேன். தளம் வெளியான அன்று மாலை அவரே தம் கைபேசியில் அதை நிரப்பிப் பார்த்தார். முதல் பெயர் என்ற பெட்டியில் தம் பெயரையும், கடைசிப் பெயர் என்ற பெட்டியில் ‘கே’ என்ற இனிஷியலையும் எழுதினார். உடனே ‘குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை’ என்று சிவப்பு நிறத்தில் ஒரு வரி தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “எங்கப்பா பேரை முழுசா எழுதணுமா தம்பி?” என்று கேட்டார்.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள ஏதோ ஒரு நாட்டில் உருவான படிவத்தை, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்கிற ஊரில் கொண்டுவந்து வைத்தது என் பிழை. படிவத்தை நிரப்பப்போகிறவரின் பெயர் எப்படிப்பட்டது, அவர் கையில் இருக்கும் கைபேசி எது, எங்கே நின்றுகொண்டு நிரப்புகிறார் என்பதையெல்லாம் கண்முன் நிறுத்திக்கொண்டு படிவத்தை வரைந்தால், பட்டியலை வளர்ப்பதற்கான வேலையில் பெரும்பகுதி அப்போதே முடிந்துவிடும். இங்கே நான் விளக்கப்போவது அந்த முறையைத்தான்.

பெட்டிகளுக்கு முன்னால் ஒரு வாக்கியம்

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன்பு, வெறும் தாளில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். முகவரியைக் கொடுப்பவருக்கு என்ன வரும், எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும், யாரிடமிருந்து வரும் என்ற மூன்றும் அந்த வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். ‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’ என்பது இவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. நம் வீட்டுக் கதவில் யாரோ செருகிவிட்டுப் போகும் துண்டறிக்கையைப் போல அது கண்ணில் பட்டும் படாமல் போய்விடும். ‘மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று, புதிதாக வந்திறங்கிய காஞ்சிபுரம், ஆரணிப் பட்டுச் சேலைகளின் படங்களையும் விலையையும் அனுப்புவோம்’ என்று எழுதினால், படிப்பவர் தமக்கு அது வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு நொடியில் முடிவு செய்துவிடுவார். வேண்டாம் என்று முடிவு செய்பவரை இழப்பதில் உங்களுக்கு நட்டமில்லை. அவர் சேர்ந்திருந்தாலும் மூன்றாவது அஞ்சலை ஸ்பேம் என்று குறித்திருப்பார்.

முடிவு தேதி உள்ள வாக்குறுதிக்குத் தனி ஈர்ப்பு உண்டு என்பது என் அனுபவம். ‘மார்கழி முழுவதும் நாள்தோறும் காலை 6 மணிக்கு அன்றைய கச்சேரிகளின் நேரமும் சபா விவரமும் வரும், தை பிறந்ததும் நிறுத்திவிடுவோம்’ என்று சொல்லும் படிவத்தில் மக்கள் தயக்கமின்றி முகவரியைத் தருகிறார்கள், ஏனென்றால் வெளியேறும் வழி அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. தை பிறந்ததும் சொன்னபடி நிறுத்திவிட்டு, நிறுத்துவதற்கு முந்தைய அஞ்சலில் ‘ஆண்டு முழுவதும் மாதம் ஒரு முறை கச்சேரிச் செய்தி வேண்டுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ‘ஆம்’ என்பவர்கள்தாம் உண்மையான பட்டியல்.

தள்ளுபடிக் கூப்பனைக் காட்டி முகவரி வாங்குவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் சேருவதைப் போலவே அதற்கும் சேரும். கலையும் வேகமும் அதே போலத்தான் இருக்கும். அரிசி, காபித்தூள், ஊறுகாய் என்று மாதந்தோறும் வாங்கப்படும் பொருளாக இருந்தால் கூப்பன் கொடுங்கள். கல்யாணத்துக்கு ஒரு முறை வாங்கும் பொருளுக்குக் கூப்பன் கொடுத்தால், அதை வாங்குவதற்காகவே தற்காலிக முகவரிகளை எழுதுபவர்களால் உங்கள் பட்டியல் நிரம்பும்.

எதைக் கேட்பது, எதை விடுவது

கட்டாயமாகத் தேவைப்படுவது மின்னஞ்சல் முகவரி ஒன்றே. அதற்கு மேல் ஒரு பெட்டியைச் சேர்க்க விரும்பினால், அந்தத் தகவலை அடுத்த மாத அஞ்சலில் எந்த வரியில் பயன்படுத்தப்போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வரியைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் பெட்டியை நீக்கிவிடலாம். பிறந்த நாள் வாழ்த்து அனுப்பலாம் என்று பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு, ஓர் ஆண்டு முழுவதும் ஒருவருக்கும் வாழ்த்து அனுப்பாத நிறுவனங்களை நான் அறிவேன்.

பெயர் தேவைப்பட்டால் ஒரே பெட்டியாக வையுங்கள். அதன் தலைப்பு ‘உங்கள் பெயர்’ என்று மட்டும் இருக்கட்டும். இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம், புள்ளியோடு வரலாம், புள்ளியில்லாமலும் வரலாம்; சிலருக்கு இரண்டு இனிஷியல்கள் உண்டு, சிலர் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கை, புள்ளி கூடாது என்னும் தடை, ஆங்கில எழுத்துகள் மட்டுமே என்னும் விதி ஆகிய மூன்றையும் டெவலப்பரிடம் சொல்லி எடுத்துவிடச் செய்யுங்கள். பின்னர் அஞ்சலில் ‘அன்புள்ள கே’ என்று விளிக்கும் விபத்தைத் தவிர்க்க, பெயரைத் துண்டாக்க முயலாமல் எழுதியதை எழுதியபடியே பயன்படுத்த வேண்டும், அல்லது ‘வணக்கம்’ என்று தொடங்கிவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைக்கிறேன். பெயர்ப் பெட்டியே தேவையில்லாமல் போய்விடும்.

கைபேசி எண்ணைக் கேட்கும் ஆசை கடைக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. தியாகராய நகரில் எந்தக் கடையில் பில் போட்டாலும் முதல் கேள்வியே எண் என்ன என்பதுதான். எண் தராதவருக்குப் பில் போட மறுக்கக்கூடாது என்று 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு அது போனது. எண்ணைக் கொடுத்தால் அழைப்பு வரும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. மின்னஞ்சல் பட்டியலுக்கான படிவத்தில் அந்தப் பெட்டியைக் கண்டதும் சிலர் அப்படியே திரும்பிவிடுவார்கள். வேறு சிலர் பத்து ஒன்பதுகளை அடித்துவிட்டு நகர்வார்கள்.

ஒரு கூடுதல் கேள்வி பயன்படும் இடமும் உண்டு. பட்டு, பருத்தி என இரு வகை வாடிக்கையாளர்களுக்கு வேறு வேறு அஞ்சல்கள் அனுப்பப்போவது உறுதி என்றால், ‘எந்தச் சேலைகளைப் பற்றி எழுதட்டும்?’ என்று இரண்டு தேர்வுக் கட்டங்களை வைக்கலாம். அதைக்கூட முகவரியைப் பெற்றுக்கொண்ட பிறகு, நன்றிப் பக்கத்தில் கேட்பது நல்லது. பதில் சொல்லாமல் போனாலும் முகவரி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும்.

முகவரிப் பெட்டி

இந்த ஒரு பெட்டியில்தான் அதிகமான கவனம் தேவை, ஆனால் பெரும்பாலோர் இதைத்தான் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் நிரப்புகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் வகையைச் சாதாரண எழுத்து என்று வைக்காமல் ‘இமெயில்’ என்று வைக்க வேண்டும். அப்படி வைத்தால், தொட்டவுடன் ‘@’ குறியும் புள்ளியும் முன்னால் தெரியும் விசைப்பலகை விரியும்; முதலெழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் தொல்லையும் இராது. கைபேசியின் பரிந்துரைப் பட்டையிலிருந்து முகவரியைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வது வழக்கம். இமெயில் வகைப் பெட்டியில் உலாவியே அதை வெட்டிவிடும். சாதாரணப் பெட்டியாக இருந்தால் ‘முகவரி தவறு’ என்ற செய்தி வரும். எழுதியவரோ சரியாகத் தெரியும் முகவரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சலித்துப் போவார். அதோடு, தானே நிரப்பும் வசதிக்கான ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்பையும் மின்னஞ்சலுக்கு உரியதாகக் குறித்துவிட்டால், பலருக்கு ஒரே தொடுதலில் வேலை முடிந்துவிடும்.

பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறையக்கூடாது. குறைந்தால், ஐபோனின் சஃபாரி உலாவி பெட்டியைத் தொட்டதும் பக்கத்தையே பெரிதாக்கிக் காட்டும். பொத்தான் திரைக்கு வெளியே ஓடிவிடும். பெட்டியும் பொத்தானும் விரலுக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். ஆப்பிள் 44 புள்ளிகளையும் ஆண்ட்ராய்டு 48 அலகுகளையும் குறைந்தபட்ச உயரமாகப் பரிந்துரைக்கின்றன. ஆடும் ரயிலில் நிற்பவருக்கு இவை ஆடம்பரமல்ல.

பெட்டியின் தலைப்பைப் பெட்டிக்கு உள்ளேயே சாம்பல் நிறத்தில் எழுதிவிடும் நாகரிகம் ஒன்று பரவியிருக்கிறது. தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். இடையில் அழைப்பு வந்து திரும்பியவருக்கு எந்தப் பெட்டியில் எதை எழுதிக்கொண்டிருந்தோம் என்பது தெரியாது. தலைப்பைப் பெட்டிக்கு மேலே, எப்போதும் தெரியும்படி எழுதுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தத் தலைப்பைப் படித்துச் சொல்ல வேண்டுமானால், நிரலில் அது பெட்டியோடு முறையாக இணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது உலகளாவிய வலை அணுகல் நெறி. மதிய வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைபேசியைப் பார்ப்பவர்களும் இந்த நெறியால் பயன் பெறுவார்கள்.

எழுத்துப் பிழைகள் அடுத்த சிக்கல். ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்துகள் இடம் மாறுவதும், டாட் காம் என்பதன் கடைசி எழுத்து விட்டுப்போவதும், யாகூவின் இந்திய முகவரியை வெறும் டாட் காம் என்று எழுதுவதும் நாள்தோறும் நடப்பவை. இவற்றை ‘தவறு’ என்று மறுக்காதீர்கள்; ‘நீங்கள் எழுத நினைத்தது ஜிமெயில் டாட் காம்தானா?’ என்று பெட்டிக்குக் கீழே கேட்டு, தொட்டால் திருத்திக்கொள்ளும்படி வையுங்கள். தொடாமல் மேலே செல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும், ஏனெனில் சில வேளைகளில் விசித்திரமாகத் தோன்றும் முகவரியே சரியானதாக இருக்கும். முகவரியை இரண்டு முறை எழுதச் சொல்வது பயனற்றது; எல்லோரும் மேலே எழுதியதை நகலெடுத்துக் கீழே ஒட்டிவிடுகிறார்கள், பிழையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்கிறது.

தமிழ் எழுத்துகளிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கான தொழில்நுட்ப நெறிகள் 2012-லிருந்தே இருக்கின்றன. டாட் இந்தியா என்று முடியும் தமிழ் வலை முகவரிகளும் (டொமைன்கள்) இருக்கின்றன. ஆனால் உலாவிகள் இயல்பாகச் செய்யும் முகவரிச் சோதனை, ‘@’ குறிக்கு முன்னால் தமிழ் எழுத்து வந்தால் ஏற்காது. அத்தகைய முகவரிகள் இன்று மிகச் சிலரிடமே உள்ளன என்றாலும், தமிழுக்காகவே நடத்தப்படும் ஒரு தளம் தமிழ் முகவரியைத் துரத்துவது நன்றாயிராது. உலாவியின் சோதனையை நிறுத்திவிட்டு, ‘@’ குறியும் அதன் இரு பக்கமும் ஏதேனும் எழுத்துகளும் இருக்கின்றனவா என்று மட்டும் நாமே பார்த்துக்கொண்டால் போதும். முகவரி உண்மையானதா என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அஞ்சல் அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பொத்தானும் தமிழும்

‘சமர்ப்பி’ என்ற சொல்லைப் பொத்தானில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் வரிசைதான் நினைவுக்கு வருகிறது. பொத்தானில் இருக்கும் சொல், அதை அழுத்துபவர் தம் வாயால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்: ‘எனக்கு அனுப்புங்கள்’, ‘கச்சேரிப் பட்டியல் வேண்டும்’, ‘சேர்கிறேன்’. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மேலே நீங்கள் எழுதிய வாக்குறுதிக்கு எது மறுமொழியாகப் பொருந்துகிறதோ அது.

ஆயத்தமாகக் கிடைக்கும் படிவ வார்ப்புருவில் வரும் பொத்தானின் அகலம் ஆங்கிலத்தின் குறுகிய சொற்களுக்காக அமைந்தது. அதே அகலத்தில் தமிழ்ச் சொல்லை வைத்தால் இரண்டு வரியாக உடையும், அல்லது பாதியில் வெட்டுப்படும். அகலத்தையும் உயரத்தையும் எண்ணாகக் குறிக்காமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கு ஏற்ப விரியும்படி விடுங்கள். வரி உயரம் குறைவாக இருந்தால் மேலே இகரக் கொக்கியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்பட்டு, ‘கு’வும் ‘க’வும் ஒன்றுபோலத் தெரியும், எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரி உயரம் கொடுங்கள். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அலங்காரத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் 360 பிக்சல் அகலமுள்ள திரையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், ஏனெனில் விலை குறைந்த கைபேசிகள் பலவும் அந்த அகலத்தில்தான் பக்கத்தைக் காட்டுகின்றன.

பிழைச் செய்திகளையும் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் எழுதுங்கள். ‘செல்லுபடியாகாத உள்ளீடு’ என்பதைவிட ‘முகவரியில் @ குறி விடுபட்டிருக்கிறது’ என்பது எவருக்கும் புரியும். செய்தி பெட்டிக்குக் கீழேயே தோன்ற வேண்டும், எழுதியதை அழித்துவிடக்கூடாது. நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிட்டால் நிறக்குருடு உள்ளவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது.

படிவம் எங்கே நிற்க வேண்டும்

ரங்கநாதன் தெருவில் நடக்கும்போது, கடை வாசலில் நிற்பவர் “வாங்கம்மா, வாங்க சார்” என்று வழியை மறிப்பதுண்டு. பக்கம் திறந்த நொடியிலேயே திரையை மூடிக்கொண்டு எழும் பாப்-அப் அதைத்தான் செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே முகவரி கேட்டால் கை தானாகவே மூடும் குறியைத் தேடும். கைபேசியில் உள்ளடக்கத்தை மறைத்து எழும் இத்தகைய பலகைகளைக் கொண்ட பக்கங்களைத் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்று கூகுள் 2017 ஜனவரியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பாப்-அப் வைத்தே தீர வேண்டும் என்றால், பக்கத்தைப் பாதிக்கு மேல் படித்தவருக்கு மட்டும், திரையின் அடியில் ஒரு பட்டையாகக் காட்டுங்கள். ஒரு முறை மூடியவருக்கு மீண்டும் சில வாரங்களுக்குக் காட்டாதீர்கள்.

நல்ல இடம், ஒருவர் எதையோ படித்து முடித்துத் தலை நிமிரும் இடம். பட்டுச் சேலையை எப்படி மடித்து வைப்பது என்ற குறிப்பைப் படித்து முடித்தவருக்கு அடுத்த வரியிலேயே ‘இதுபோன்ற குறிப்பு மாதம் ஒன்று’ என்று படிவம் இருந்தால், அது இயல்பான தொடர்ச்சி. பக்கத்தின் அடியில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தேடி வருபவர் அங்கேதான் தேடுவார்.

இவை தவிர, படிவத்துக்கென்றே தனிப் பக்கம் ஒன்றும் அவசியம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும், பில்லின் பின்புறத்தில் க்யூஆர் குறியீடாக அச்சிடுவதற்கும் அதுதான் பயன்படும். ஜனவரியில் பபாசி என்னும் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக ஒரு சிறு பதிப்பகத்துக்கு இப்படி ஒரு பக்கம் செய்தேன். முந்தைய ஆண்டு அவர்கள் அரங்கில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து முகவரிகளை எழுதி வாங்கியிருந்தார்கள். அடிக்கோடா இடைக்கோடா, ஒன்று என்ற எண்ணா எல் என்ற எழுத்தா என்று பிரித்தறிய முடியாமல் கணிசமான முகவரிகள் வீணாகியிருந்தன. நந்தனம் மைதானத்தில் விடுமுறை நாள் மாலைக் கூட்டத்தில் இணையம் எப்படித் திணறும் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கத்தில் படம், சிறப்பு எழுத்துரு, காணொளி எதுவும் வைக்கவில்லை. ஒரு வாக்கியம், ஒரு பெட்டி, ஒரு பொத்தான் மட்டுமே. அரங்கில் நின்ற பையனிடம், “ஸ்கேன் பண்ணுங்க” என்று சொல்வதற்குப் பதிலாக, “அடுத்த புத்தகம் வரும்போது சொல்லட்டுமா?” என்று கேட்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கேள்விதான் பாதி வேலையைச் செய்தது.

ஒப்புதல்

இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அதன் முக்கியக் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்னும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும். தமிழில் எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 18 வயது நிறையாதவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பதால், பள்ளி மாணவர்களுக்கான தளம் நடத்துவோர் படிவத்தைப் பெற்றோரை நோக்கியே எழுதுவது நல்லது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்குச் சேலை விற்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருப்பவருக்கு விற்றால் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி பொருந்தும். முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆர்டர் போடும் பக்கத்தில் ‘சலுகைச் செய்திகளை அனுப்பவும்’ என்ற கட்டம் இருந்தால் அது காலியாகவே இருக்கட்டும்.

மறுப்பவரைச் சங்கடப்படுத்தும் வாசகங்களைப் பற்றியும் ஒரு சொல். ‘வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தும் எண்ணமில்லை’ என்று மூடும் பொத்தானில் எழுதுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்பு முறைகளைத் தடை செய்தபோது, இப்படி வெட்கப்படுத்தி இணங்க வைப்பதையும் அதில் சேர்த்தன. ‘இப்போது வேண்டாம்’ என்பது போதும்.

பொத்தானை அழுத்திய பிறகு

பதிவு செய்தவருக்கு உடனே ஓர் உறுதிப்படுத்தும் அஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்திய பிறகே பட்டியலில் சேர்ப்பதுதான் இரட்டை ஒப்புதல் முறை. சிலர் அந்த அஞ்சலைத் திறக்காமலே விட்டுவிடுவதால் எண்ணிக்கை குறையும் என்று கடைக்காரர்கள் தயங்குவார்கள். ஆயினும் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிழையான முகவரிகளும், பிறர் விளையாட்டாக எழுதிவிட்டுப் போன முகவரிகளும் இங்கேயே வடிகட்டப்படுகின்றன. தானியங்கி நிரல்கள் ஆயிரக்கணக்கான படிவங்களில் ஒரே ஆளின் முகவரியை எழுதி அவருடைய அஞ்சல்பெட்டியை மூழ்கடிக்கும் தாக்குதல் 2016-ல் பெரிய அளவில் நடந்தது. உறுதிப்படுத்தல் இல்லாத படிவங்கள் அந்தத் தாக்குதலுக்குக் கருவியாயின.

உறுதிப்படுத்தும் அஞ்சல் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். தலைப்பில் கடையின் பெயர் இருக்கட்டும், உள்ளே ஒரே ஒரு பொத்தான் இருக்கட்டும். நன்றிப் பக்கத்தில், அவர் எழுதிய முகவரியை அப்படியே காட்டி, ‘இந்த முகவரிக்கு அஞ்சல் அனுப்பியிருக்கிறோம், காணவில்லை என்றால் ஸ்பேம் பகுதியிலும் பாருங்கள்’ என்று எழுதுங்கள். தம் பிழையை அந்தப் பக்கத்தில்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள் என்பதால், ‘முகவரியைத் திருத்த’ என்ற இணைப்பும் அருகிலேயே வேண்டும்.

சென்னையில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சிக்கல் இதில் உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் பலர் அலுவலக முகவரியைத்தான் எழுதுகிறார்கள். அந்த நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள், உள்ளே வரும் அஞ்சலில் இருக்கும் இணைப்புகளை ஆளுக்கு முன்பாகத் தாமே திறந்து சோதிப்பதுண்டு. அதனால் ஒருவர் அஞ்சலைப் பார்க்காமலே உறுதிப்படுத்தியவராகப் பதிவாகிவிடுவார். இணைப்பு திறந்ததுமே உறுதியாகிவிடாமல், திறக்கும் பக்கத்தில் இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் உறுதியாகும் என்று அமைத்தால் இது தீரும். வேலை மாறினால் அலுவலக முகவரி செத்துவிடும் என்பதால், ‘உங்கள் சொந்த முகவரியைக் கொடுத்தால் நல்லது’ என்று ஒரு வரியைப் பெட்டிக்குக் கீழே சேர்ப்பதும் தகும்.

தானியங்கி நிரல்களைத் தடுக்க, நிரப்புபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவை வைப்பவர்கள், சிக்னல் விளக்குகள் உள்ள படங்களைத் தேடச் சொல்லி மனிதர்களையும் சேர்த்தே துரத்துகிறார்கள். அதற்குப் பதிலாக, மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து, அது நிரப்பப்பட்டு வந்தால் நிராகரிக்கலாம். அந்தப் பெட்டியைத் திரைவாசிப்பானுக்கும் மறைக்க வேண்டும், உலாவி தானாக நிரப்பிவிடாதபடியும் தடுக்க வேண்டும். இல்லையென்றால் நல்லவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

பட்டியல் பெரிதாகும்போது கூகுளின் விதிகள் குறுக்கே வரும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர், அஞ்சல் உண்மையிலேயே அவர்களுடைய டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளங்களையும் வைத்திருக்க வேண்டும், விளம்பர அஞ்சல்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2024-லிருந்து நடைமுறை. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் அந்த எல்லை வந்துவிடுகிறது. ஆசை காட்டிச் சேர்த்த முகவரிகளின் விலை இங்கேதான் தெரியவரும்.

எதை எண்ணுவது

பொத்தானின் நிறத்தை மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். நூறு பேரில் இரண்டு பேர் பதிவு செய்யும் படிவத்தை மூன்று பேர் பதிவு செய்யும்படி மாற்றிவிட்டோமா என்று ஓரளவு நம்பிக்கையோடு அறிய வேண்டுமானால், இரு வடிவங்களுக்கும் தலா சுமார் 3,800 பார்வையாளர்கள் தேவை. மாதம் 600 பேர் வரும் தளத்தில் அந்தச் சோதனை முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். சிறு தளங்கள் நிறத்தை விட்டுவிட்டு வாக்குறுதியை மாற்றிப் பார்க்கலாம். பெரிய மாற்றத்தின் விளைவு சிறிய எண்ணிக்கையிலும் தெரியும். மேலும், ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், அவர்கள் நிரப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எந்த மென்பொருளும் காட்டாததைக் காணலாம். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே வேலை இருக்கிறது.

மயிலாப்பூர்க் கடையில் இப்போது ஒரே பெட்டியுள்ள படிவம்தான் இருக்கிறது. கடைக்காரர் திங்கட்கிழமைதோறும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், படிவத்தை நிரப்பியவர்கள், அஞ்சலில் உறுதி செய்தவர்கள், அந்த வாரம் விலகியவர்கள் என்று நான் சொல்லிக் கொடுத்த மூன்று எண்களை எழுதுகிறார். போன மாதம் பார்த்தபோது நான்காவதாக ஒரு பத்தியை அவரே கோடு போட்டு இழுத்திருந்தார். “மெயில் பார்த்துட்டு வந்தேன்னு சொல்லிக் கடைக்கு வந்தவங்க தம்பி” என்றார்.